பேசியன் முறை: விடையை முன்பே தீர்மானித்துவிட்டுக் கணக்குப் போடுவதா?

கேள்வி — 2025 மே 11

கொழும்பில் புள்ளிவிபரவியல் சிறப்புப் பட்டம் படிக்கிறேன், கடைசி வருடம். மிஸ், நேராகவே கேட்கிறேன். பேசியன் முறையில் தரவைப் பார்க்கும் முன்பே ஒரு முன்பரவலை, அதாவது எந்த விடைக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற நம்பிக்கையை, நாமாகப் போடுகிறோம். அப்புறம்தான் தரவு வருகிறது. முன்பரவலை மாற்றினால் விடையும் மாறுகிறது. அப்படியென்றால் நினைத்த விடையை வரவழைக்க இது வசதியான வழி, அவ்வளவுதானே? வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ச்சியாகச் செய்த உங்களுக்கு இது உறுத்தவில்லையா? மேற்படிப்புக்கு இந்தப் பக்கம் வருவதா, இயந்திரக் கற்றல் பக்கம் போவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மே 11, இரவு

முன்பரவலை மாற்றினால் விடை மாறும். உண்மைதான் தம்பி. எவ்வளவு மாறும் என்று கையால் போட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் 20 வீடு பார்க்கிறார்கள். ஒன்றிலும் டெங்கு நுளம்பின் குடம்பி (புழு) இல்லை. அந்தப் பகுதியில் குடம்பி உள்ள வீடுகள் எத்தனை சதவீதம்? பாடப்புத்தக மதிப்பீடு 0/20, பூச்சியம். இந்தப் பகுதியில் குடம்பியே கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த உத்தியோகத்தரும் முன்வர மாட்டார். எல்லா விகிதத்துக்கும் சம வாய்ப்பு என்ற சீரான முன்பரவல் போட்டால் 1/22, அதாவது 4.5%. இது லாப்லாஸ் காலத்து விதி. ஹரோல்ட் ஜெஃப்ரீஸ் 1946இல் தந்த முன்பரவலைப் போட்டால் 0.5/21, 2.4%. "இங்கே வழக்கமாக 100க்கு 10 வீட்டில் இருக்கும், அந்த நம்பிக்கைக்கு 20 வீடு பார்த்த கனம்" என்று வைத்தால் 2/40, 5%.

இனி 200 வீடு பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை என்று வையுங்கள். அதே மூன்று முன்பரவலும் 0.5%, 0.25%, 0.9% தருகின்றன. தரவு கூடக் கூட மூன்றும் ஒரே இடத்துக்கு வருகின்றன. தரவு குறைவாக இருக்கும்போது பிரிந்து நிற்கின்றன. குறைந்த தரவில் மூன்று நியாயமான ஆட்கள் மூன்று விடை சொல்லத்தான் செய்வார்கள்.

நினைத்த விடையை வரவழைக்கவும் முடியும். அதற்கு மிகக் கனமான ஒரு முன்பரவலைப் போட்டாக வேண்டும். அது கட்டுரையில் எழுத்தில் நிற்கும். வாசிப்பவர் விரலை வைத்து "இது எங்கே இருந்து வந்தது?" என்று கேட்கலாம். என்னை இந்த முறையோடு கட்டிப்போட்டது அந்தக் கேள்வி கேட்க இடம் இருப்பதுதான்.

மே 12

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சீரான முன்பரவலை "அபிப்பிராயம் இல்லாத" முன்பரவல் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. விகிதத்தில் சீராகப் பரப்பினால், அதே விகிதத்தை லொஜிட் என்ற வேறு அளவில் (குடம்பி உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை) எழுதினால் அது சீராக இருக்காது. 100க்கு 90 வீட்டில் குடம்பி இருக்கலாம் என்பதற்கும் 100க்கு 5 வீட்டில் இருக்கலாம் என்பதற்கும் சம வாய்ப்புக் கொடுப்பது கொழும்பில் வாழும் எவருடைய அறிவும் அல்ல. அளவை மாற்றினாலும் மாறாத விதி ஒன்றைத் தேடித்தான் ஜெஃப்ரீஸ் தன் முன்பரவலுக்கு வந்தார். மாறாது என்பது நல்ல குணம்தான், ஆனால் அதற்கும் வெள்ளவத்தை தெரியாது.

மற்ற முறைகளிலும் தெரிவுகள் உண்டு. எந்தச் சோதனை, எந்த மாறிகள், எந்த அவதானிப்பை விலக்குவது, தரவு சேர்ப்பதை எப்போது நிறுத்துவது. அவை பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை.

மே 18

கொட்டாஞ்சேனைப் பக்கம் சிகிச்சை நிலையம் வைத்திருக்கும் டொக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "முன்பரவல் எல்லாம் பல்கலைக்கழகக் கதை. எனக்கு என்எஸ்1 பரிசோதனை பொசிட்டிவ் என்றால் டெங்கு, நெகட்டிவ் என்றால் இல்லை." (என்எஸ்1 என்பது டெங்குக்கான விரைவு இரத்தப் பரிசோதனை.)

டொக்டர், தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் பெட்டியில் அச்சிட்டிருப்பதை இட்டுத் திரும்பப் போடலாம். பரிசோதனை, டெங்கு உள்ளவர்களில் 80%ஐப் பிடிக்கிறது. இல்லாதவர்களில் 95%ஐச் சரியாக விடுகிறது. மழை இல்லாத காலம், காய்ச்சலோடு வருபவர்களில் 10% பேருக்கு டெங்கு. 1000 பேரில் 100 பேருக்கு இருக்கிறது, 80 பேர் பொசிட்டிவ். மீதி 900 பேரில் 45 பேர் தவறாகப் பொசிட்டிவ். ஆக 125 பொசிட்டிவில் 80 பேருக்குத்தான் டெங்கு: 64%.

தென்மேல் பருவமழை பெய்து பரவல் உச்சத்தில் இருக்கும் காலத்தில் காய்ச்சல்காரரில் பாதிப் பேருக்கு டெங்கு என்று வையுங்கள். 400 சரியான பொசிட்டிவ், 25 தவறு. 94%. நெகட்டிவ் பக்கம் வாருங்கள், அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. உச்சக் காலத்தில் நெகட்டிவ் வந்த 575 பேரில் 100 பேருக்கு டெங்கு இருக்கிறது: 17%. மழையில்லாக் காலத்தில் நெகட்டிவ் வந்த 880 சொச்சம் பேரில் 20 பேர்தான், 2% சொச்சம். ஒரே பட்டி, ஒரே கோடு, வேறு அர்த்தம். நெகட்டிவ் துண்டோடு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது அது எந்த மாதம் என்பதை நீங்கள் மனதில் வைத்தால், முன்பரவலைப் பயன்படுத்திவிட்டீர்கள்.

மே 19

சரி, டொக்டர் திரும்ப எழுதினார்: நெகட்டிவ் வந்தாலும் முழு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வேன், மூன்றாம் நாள் பிளேட்லெட் பார்ப்பேன், அது பழக்கத்தில் வந்தது என்கிறார். அந்தப் பழக்கம் மேலே உள்ள 17%ஐ அனுபவத்தால் அறிந்த பழக்கம். அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை. என் கணக்கையும் திருத்தினார்: நெகட்டிவ் 875, "880 சொச்சம்" அல்ல. 855ம் 20ம் சேர்ந்தால் 875தான். சதவீதம் மாறவில்லை.

மே 25

தம்பி "உறுத்தவில்லையா" என்று கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

1980களின் கடைசி, பல்கலைக்கழகங்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். நான் படித்த பாடத்தில், பேசியன் முறைக்கு அடிப்படையான பேயிஸ் தேற்றம் ஒரு பக்கம். தோமஸ் பேயிஸ் ஒரு மதகுரு, 1761இல் இறந்தார், அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் வெளியிட்டார், இரண்டு கலசத்தில் பந்து எடுக்கும் கணக்கு ஒன்று. பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் இருந்து, முன்பரவல் இல்லாத மரபு வழியைக் கட்டிய ஃபிஷர், நெய்மன், பியர்சன்.

எனக்கு உறுத்தியது அந்தப் பக்கங்களில்தான். 95% நம்பிக்கை இடைவெளி என்றால் உண்மையான பெறுமானம் அதற்குள் இருக்க 95% வாய்ப்பு என்று எழுதினேன். விரிவுரையாளர் சிவப்புப் பேனையால் வெட்டினார். திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால் 95% இடைவெளிகள் உண்மையைப் பிடிக்கும், கையில் உள்ள இந்த இடைவெளியைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கையில் உள்ள இந்த ஒன்றைப் பற்றித்தானே எனக்குத் தெரிய வேண்டும்? அதைச் சொல்ல அனுமதிக்கும் முறை எது என்று தேடித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்குப் போனது நல்ல நேரம். பேசியன் முறைக்கு இருநூறு வருடமாகக் கொள்கை இருந்தது, கணக்குப் போட வழி இல்லை. முன்பரவலும் தரவும் சேர்ந்து தரும் பின்பரவலை எடுக்கப் பல பரிமாணத் தொகையீடு செய்ய வேண்டும். தாளில் அது தீராது. 1953இல் மெட்ரோபொலிஸ் குழு இயற்பியலுக்காக ஒரு வழி கண்டது, 1970இல் ஹேஸ்டிங்ஸ் அதைப் பொதுமைப்படுத்தினார், 1984இல் கேமன் சகோதரர்கள் படங்களைத் துலக்க கிப்ஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். புள்ளிவிபரவியலாளர் பலருக்கு இது உறைத்தது 1990இல் கெல்ஃபண்டும் ஸ்மித்தும் எழுதிய கட்டுரையோடு. தொகையீட்டைத் தீர்க்க வேண்டாம், பின்பரவலில் இருந்து எண்களை எடுத்துக்கொண்டே இரு, எண்ணிப் பார்த்து விடை சொல். கேம்பிரிட்ஜில் இந்த வேலைக்கான பக்ஸ் மென்பொருள் வளர்ந்துகொண்டிருந்தது. மாலையில் ஓட விட்டுப் போவோம். காலையில் வந்தால் சங்கிலியின் (ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த எண்களின் வரிசை) தடம் தாளில் அச்சாகி இருக்கும். ஒரே மட்டத்தில் அடர்த்தியாக அதிர்ந்துகொண்டிருந்தால் நல்ல நாள். மெதுவாக மேலே ஏறி மெதுவாக இறங்கினால் அந்த இரவு வீண். பக்கத்து மேசைக்காரரின் தாளையும் எட்டிப் பார்ப்போம்.

ஜூன் 2

முன்பரவல் எங்கே இருந்து வருகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சில வேளை பழைய ஆய்வுகளில் இருந்து. சில வேளை ஆட்களிடம் இருந்து. இரண்டாவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

தெகிவளைப் பக்கம் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், நீண்ட காலம் வேலை செய்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரோடு உட்கார்ந்தேன். "உங்கள் முன்பரவல் என்ன?" என்று எந்த மனிதரிடமும் கேட்க முடியாது. ஒரு தாளில் நிரல்கள் கீறினேன்: 100க்கு 0 முதல் 5 வீடு, 5 முதல் 10, 10 முதல் 15, அப்படியே 50 வரை. 20 நெருப்புக்குச்சி கொடுத்தேன். ஒரு குச்சிக்கு 5% நம்பிக்கை. அடுத்த மாதம் உங்கள் பிரிவில் ஏதோ ஒரு ஒழுங்கையை எடுத்தால் எத்தனை வீட்டில் குடம்பி இருக்கும், நம்பிக்கைக்கு ஏற்றபடி குச்சியை வையுங்கள் என்றேன்.

அவர் வேகமாக 17 குச்சியை 5க்கும் 15க்கும் நடுவில் வைத்தார். மீதி மூன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தள்ளிப் போய் 35 முதல் 40 வரையான நிரலில் மூன்றையும் வைத்தார். நடுவில் ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டேன். கட்டடம் கட்டும் இடம் பக்கத்தில் உள்ள ஒழுங்கை என்றால் கணக்கே வேறு, என்று சிங்களத்தில் சொன்னார். லிஃப்ட் வரும் குழி, கொங்கிறீட் ஈரமாக வைக்கத் தேக்கும் தண்ணீர், பாதியில் நின்ற மாடி. "வீடுகளில் நாங்கள் பூச்சாடித் தட்டைக் கவிழ்க்கச் சொல்வோம், அதைக் கவிழ்க்க யாரால் முடியும்?"

எங்கள் மொடலில் கட்டட வேலைத்தளம் என்று ஒரு மாறியே இல்லை. மழை இருந்தது, சனத்தொகை அடர்த்தி இருந்தது. அந்த மூன்று குச்சிதான் அதைக் கொண்டுவந்தது. முன்பரவலில் இரண்டு மேடு வந்தால், ஒன்றாகக் கட்டி வைத்த இரண்டு உலகம் மொடலுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 3

"அவருடைய அபிப்பிராயத்தைப் போட்டு அவருடைய அபிப்பிராயத்தையே திரும்ப எடுத்தீர்கள்" என்று எழுதியவருக்கு: இல்லை. வேலைத்தளத்துக்கு அருகிலுள்ள ஒழுங்கைகளைத் தனியாகப் பார்த்தபோது தரவு அவருடைய மேட்டை இடப்பக்கம் இழுத்தது. கூடுதல்தான், ஆனால் அவர் நினைத்த அளவு இல்லை. சாதாரண ஒழுங்கைகளில் அவர் கிட்டத்தட்டச் சொன்னபடியே வந்தது. முடிவை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, நாங்கள் முறைப்பாடு வந்த தளங்களுக்குத்தான் போகிறோம், முறைப்பாடு வராத தளங்கள் சுத்தமாக இருக்கலாம் என்றார். தெரிவுச் சாய்வை இவ்வளவு தெளிவாக என் மாணவர்கள்கூடச் சொன்னதில்லை.

ஜூன் 15

சிறு பிரிவுகளின் கதை. ஒரு பிரிவில் 40 வீடு பார்த்து 6இல் குடம்பி. இன்னொன்றில் 400 பார்த்து 60இல். இரண்டும் 15%. நகரச் சராசரி 6%, பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்த்தால் அந்தச் சராசரிக்கு 100 வீட்டின் கனம் என்று வைப்போம். சின்னப் பிரிவின் மதிப்பீடு 12/140, 8.6%. பெரிய பிரிவு 66/500, 13.2%. சின்னது சராசரியை நோக்கி அதிகம் நகர்கிறது.

இப்படி ஒரு அட்டவணையைக் கூட்டத்தில் வைத்தபோது அதிகாரி ஒருவர் கோபப்பட்டார். "எங்கள் பிரிவின் எண்ணிக்கையை நீங்கள் குறைத்துவிட்டீர்கள், புகை அடிக்கும் இயந்திரம் பக்கத்துப் பிரிவுக்குப் போய்விடும்." அவருடைய கோபம் நியாயமானது. மொத்தப் பிழையைக் குறைப்பதில், சராசரியை நோக்கி இப்படி இழுப்பது கெட்டி. 1961இலேயே ஜேம்ஸும் ஸ்டைனும் கணிதத்தால் காட்டிவிட்டார்கள். ஆனால் தனி ஒரு பிரிவுக்கு அது அநியாயமாகப் போகலாம். உண்மையாகவே மோசமான ஒரு சின்னப் பிரிவைச் சராசரி மறைத்துவிடும். அன்றிலிருந்து மதிப்பீட்டோடு "இந்தப் பிரிவு 10%ஐத் தாண்ட வாய்ப்பு எவ்வளவு" என்ற நிரலையும் போடுகிறேன், வாய்ப்பு நடுவில் நிற்கும் பிரிவுகளுக்கு இன்னும் 60 வீடு பார்க்கச் சொல்கிறேன்.

ஜூன் 29

வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேசியன் என்றாலே இங்கிலாந்தும் அமெரிக்காவும்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். தேபப்ரத பாசுவை வாசியுங்கள். டாக்காவில் பிறந்தவர், கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தில் வளர்ந்தவர், 1955இல் அவர் பெயரால் அழைக்கப்படும் தேற்றத்தைத் தந்தவர். மரபு வழியில் ஊறிய ஒருவர், உள்ளே இருந்த முரண்பாடுகளைத் துருவித் துருவிக் கடைசியில் பேசியன் பக்கம் வந்தார்.

1971இல் அவர் எழுதிய யானைக் கணக்கு இது. சர்க்கஸ் முதலாளிக்கு 50 யானையின் மொத்த நிறை வேண்டும். சம்போ என்ற யானை முன்பு நிறுத்தபோது சராசரியாக இருந்தது. சம்போவை மட்டும் நிறுத்து 50ஆல் பெருக்கலாம் என்கிறார் முதலாளி. சர்க்கஸின் புள்ளிவிபரவியலாளர் விடவில்லை, மாதிரி எழுமாறாக இருக்க வேண்டும் என்று சம்போவுக்கு 99/100 வாய்ப்பும் மற்ற 49 யானைக்கும் ஆளுக்கு 1/4900 வாய்ப்பும் கொடுக்கிறார். சம்போவே தெரிவாகிறது. மரியாதைக்குரிய மதிப்பீட்டுச் சூத்திரத்தின்படி மொத்த நிறை, சம்போவின் நிறையை 100/99ஆல் பெருக்கினால் வருவது. 50 யானைக்கும் ஏறக்குறைய ஒரு யானையின் நிறை! மிகப் பெரிய யானையான ஜம்போ தெரிவாகியிருந்தால்? அதன் நிறையை 4900ஆல் பெருக்க வேண்டும். புள்ளிவிபரவியலாளருக்கு வேலை போய்விட்டது. அந்தச் சூத்திரம் சராசரியில் சாய்வற்றது (திரும்பத் திரும்பத் தெரிவு செய்தால் விடைகளின் சராசரி சரியாக வரும்), அதில் குறை சொல்ல முடியாது. முதலாளிக்குத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு அதில் இடம் இல்லை.

ஒவ்வொரு வருடமும் முதல் விரிவுரையில் இந்தக் கணக்கைப் போடுகிறேன். பிள்ளைகள் சிரித்து முடித்ததும் 0/20ஐப் பலகையில் எழுதுவேன்.

ஜூலை 6

இயந்திரக் கற்றலா, இதுவா? சம்பளத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, அதை உங்கள் வீட்டு நிலைமை தீர்மானிக்கும். படிப்பைப் பொறுத்தவரை நேரியல் அட்சரகணிதம், தொகையீடு, நிகழ்தகவு, நிரலாக்கம் இரண்டுக்கும் அதேதான். கோடிக்கணக்கான வரிசை தரவு இருந்தால் முன்பரவல் கரைந்துவிடும், வேறு கருவிகள் வேகமாக வேலை செய்யும். நம் நாட்டில் நான் கண்ட கேள்விகளில் பல அப்படிப்பட்டவை அல்ல. 2001 குடிசன மதிப்பீட்டை 18 மாவட்டத்தில்தான் முழுமையாக எடுக்க முடிந்தது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணியது 2012இல். நடுவில் 31 வருடம், யுத்தம், இடப்பெயர்வு, சுனாமி. வடக்கில் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை பிள்ளைகள் என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டால், இருக்கும் அரைகுறைத் தகவலைச் சேர்த்து, நிச்சயமின்மையையும் கூடவே சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு ஆள் வேண்டும்.

ஜூலை 20

மே 18இல் பரவலின் உச்சத்தைப் பற்றி எழுதினேன். உச்சம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? டெங்கு அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியசாலை படிவம் நிரப்பி அனுப்ப, அது பணிமனைக்கு வந்து பதிவாக நாள் பிடிக்கும். ஆகவே கடைசி இரண்டு மூன்று வாரத்தின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே தெரியும். வெசாக் விடுமுறை வாரத்தில் நோய் இறங்கியது போலவே இருக்கும். 2017இல் 186,000க்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். அப்படி ஒரு வருடத்தில் வளைவு இறங்குகிறது என்று இரண்டு வாரம் நம்பியிருப்பது கட்டில் இல்லாத வாட்டில் போய் முடியும். தாமதத்தின் பரவலை மதிப்பிட்டு, இன்னும் வராத படிவங்களை மொடலுக்குள் வைத்தால், இன்றைய உண்மை எண்ணிக்கைக்கு ஒரு வீச்சுக் கிடைக்கும். வீச்சு அகலமாக இருக்கும். அகலமாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த மொடலை 2022இல் ஓட்டினோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. சங்கிலி பாதியில் அறுந்துவிடும். ஒரு மாணவி ஆயிரம் சுற்றுக்கு ஒரு தடவை நிலையைச் சேமித்து, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கும்படி எழுதினார். அந்த நிரலை இப்போதும் எங்கள் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஓகஸ்ட் 3

தம்பி திரும்ப வந்திருக்கிறார், ஆய்வுக்கு ஆறு பிரிவின் தரவு கிடைத்ததாம். பிரிவுகளுக்கு இடையிலான நியம விலகலுக்கு (பிரிவுகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) என்ன முன்பரவல் என்று கேட்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் மே 11இல் சொன்ன "மூன்றும் ஒரே இடத்துக்கு வரும்" என்பது இங்கே நடக்காது. வீடு ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பிரிவு ஆறுதான். அந்த விலகலைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஆறு அவதானிப்பு.

பழைய பக்ஸ் உதாரணங்களில் வரும் 0.001, 0.001 நேர்மாறு காமா என்ற முன்பரவலைப் போட வேண்டாம். அது தகவல் இல்லாதது போலத் தெரியும். பிரிவுகள் குறைவாக இருந்தால் விடையை அதுவே ஆட்டிப்படைக்கும் என்று கெல்மன் 2006இல் காட்டினார். லொஜிட் அளவில், விலகல் 1 கொண்ட அரை இயல்புப் பரவலில் (மணி வடிவப் பரவலின் பூச்சியத்துக்கு மேலான பாதி) தொடங்குங்கள். சராசரி 8% என்றால், விலகல் 1 ஆக இருக்கும்போது பெரும்பாலான பிரிவுகள் 3%க்கும் 19%க்கும் இடையில் வரும். விலகல் 3 என்றால் அது 0.4% முதல் 64% வரை போகும். கொழும்பில் அப்படி ஒரு வேறுபாட்டை எந்தப் பரிசோதகரும் ஒப்புக்கொள்ள மாட்டார். தரவைத் தொடும் முன் முன்பரவலில் இருந்தே நூறு கற்பனை அட்டவணைகளை உருவாக்கி, களத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டுங்கள். எதைப் பார்த்து அவர் தலையை ஆட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்டான் மென்பொருளில் நான்கு சங்கிலி, அவை ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆர்-ஹட் 1.01க்குக் கீழே வரும்வரை. விலகல் 0.5, 1, 2 என்று மூன்று முன்பரவலிலும் ஓட்டி மூன்றின் முடிவையும் ஒரே அட்டவணையில் போடுங்கள், பின்னிணைப்பில் அல்ல, பிரதான அத்தியாயத்தில். வரைவை எனக்கு அனுப்புங்கள், செப்டெம்பருக்கு முன் வாசித்துத் தருகிறேன்.